அனுபவம்: பூஜ்யம்

படிவத்தில் ஏழாவது கேள்வி:
விவசாய அனுபவம், எத்தனை ஆண்டுகள்?
பூஜ்யம் என்று எழுதினேன்.
சட்டைக் காலர் தைத்த பத்தொன்பது ஆண்டுகளுக்கு
அங்கே கட்டம் இல்லை.
பக்கத்து நாற்காலி நோமுசா
என் தாளை எட்டிப் பார்த்துத்
தானும் ஒரு பூஜ்யம் போட்டாள்,
என்னுடையதைவிடக் கொஞ்சம் உருண்டையாக.

வெருலம் சமூகக்கூடத்தில் எல்லாம் இலவசம்:
பயிற்சி, கையேடு, தேநீர், இரண்டு ரொட்டித்துண்டு,
கடைசி நாளில் ஒரு மூட்டை சுண்ணாம்பும்
நாற்பது முட்டைக்கோஸ் நாற்றும்.
தொங்காட்டிலிருந்து வேன் காசு மட்டும் நம்முடையது.
ஆறு செவ்வாய்க்கிழமைகள்.
மூன்றாவது செவ்வாய்க்கு வேன் ஏறியதில்
மீட்டரில் போடக் காசில்லாமல்
ஓர் இரவு வீடு இருண்டு கிடந்தது.
இருட்டுக்குள்ளிருந்து பூபாலன் கேட்டார்:
இந்த இலவசத்துக்கு
இன்னும் எவ்வளவு ஆகும்?

பயிற்சியாளன் லுங்கெலோவுக்கு
என் மூத்தவன் வயதுகூட இருக்காது.
பூட்ஸில் சேறே இல்லை என்று முதல் நாள் சிரித்தோம்.
இரண்டாம் நாள் இருந்தது.
அவரவர் மண்ணைப் பாட்டிலில் நீரோடு குலுக்கி
அசையாமல் வைக்கச் சொன்னான்.
மணல் அடியில், வண்டல் அதன்மேல்,
களிமண் இறங்க மனமில்லாமல்.
ஸ்கேனில் பிள்ளை பார்ப்பவர்கள் போல
வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தோம்.
என் பாட்டிலின் அடியில்
நாலு ஓட்டை வெள்ளைப் பொத்தான் ஒன்று.
வேலை விட்டு வந்து நான் ஏப்ரன் உதறிய இடத்து மண் அது.
புளிப்பு அதிகம், என்றான் லுங்கெலோ.
தெரியும், என்றேன்.

நாலாவது வாரம், களை.
திரையில் ஒவ்வொரு படமாக வந்தது.
இதைப் பூக்கும் முன்னே பிடுங்கிவிடுங்கள்.
நான் நோமுசாவைப் பார்த்தேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
இமிஃபீனோ, என்றாள் அடிக்குரலில்.
கீரை, என்றேன்.
பூண்டும் காய்ந்த மிளகாயும், நான்.
வேர்க்கடலைப் பொடி, அவள்.
முப்பது வருஷமாய் என் பிள்ளைகளுக்குக்
களையா போட்டேன் என்று அவள் எழுந்து ஜூலுவில் கேட்க,
கூடமே சிரித்தது.
லுங்கெலோவும்தான். அவன் அம்மாவும்
அதைத்தான் சமைக்கிறாளாம்.
ஆனாலும் படத்தை நீக்கவில்லை.
படம் அவனுடையதில்லை.

வீட்டுக்குப் பின்னால், மின்கம்பிக்குக் கீழே,
யாருக்கும் வேண்டாத ஒரு துண்டு நிலம்.
தையல் நூல் கட்டி வரிசை பிடித்தேன்.
நேர்கோடு ஒன்றுதான் எனக்கு வரும்.
நாற்பதில் வெட்டுப்புழுவுக்கு ஆறு.
மழையில் அழுகியது ஐந்து.
குரங்குகள் சுவரில் உட்கார்ந்து நாள் பார்த்து
ஒரே காலையில் பதினெட்டு.
தின்னவும் இல்லை. பிய்த்து, முகர்ந்து, எறிந்து,
தரம் பார்க்கும் சூப்பர்வைசர் மாதிரி.

முடிந்த பிறகும் வருவோம் என்று அவர்கள் சொன்னதை
நான் நம்பியிருக்கவில்லை.
சனிக்கிழமை லுங்கெலோ பழைய வலையோடு வந்தான்.
கட்டி முடித்துக் கையைத் துடைத்து
டேப்லெட்டைத் திறந்தான்.
முட்டைக்கோஸ்: பதினொன்று.
வேறு ஏதாவது?

கோஸ் போன குழியெல்லாம்
முளைக்கீரை தானாய் எழுந்து நின்றது.
போன வாரம் சந்தை வாசலில்
இருபத்துமூன்று கட்டு விற்றிருந்தேன்.
பட்டியலை மேலும் கீழும் தள்ளித் தேடினான்.
அந்தப் பெயர் இல்லை.
‘மற்றவை’ என்ற கட்டத்தில் 23 போட்டான்.

கிளம்பும்போது, அம்மாவுக்கு ஒரு கட்டு என்றான்.
செய்தித்தாளில் சுற்றினேன்.
எவ்வளவு?
சும்மா கொண்டு போ என்பது
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
விலை சொல்லும்போது தரையைப் பார்க்காதீர்கள்
என்று ஐந்தாவது செவ்வாய் சொன்னவன் அவன்தான்.

பத்து ராண்ட், என்றேன்.