மூன்றாவது கை

வண்ணார்பேட்டையில் மேம்பாலம் இறங்குகிற இடத்தில்
எங்கள் கடை.
மசூது அண்ணன் முதலாளி. நான் சர்வீஸ்.
கண்ணாடி அலமாரியில் இத்தனை வருஷமாய்
இரண்டே நிறம்:
இடப்பக்கம் பச்சைப் பெட்டி, வலப்பக்கம் சிவப்பு.
கிராபிக்ஸ் கார்டு என்றால் இந்த இரண்டில் ஒன்று.
விலை கேட்டுவிட்டு
"யோசிச்சிட்டு வாரேன்க்கா" என்று
பஸ் ஏறப் போகிற பையன்களின்
முதுகு எனக்கு மனப்பாடம்.

ஆனிக் காற்று ஷட்டரை ஆட்டிக்கொண்டிருந்த மதியம்
மதுரையிலிருந்து ரெப் வந்தார்.
பையிலிருந்து எடுத்து வைத்தார் ஒரு நீலப் பெட்டி.
"கம்பெனி தெரியாததா?
நீங்க திறக்கிற முக்காவாசி மெஷின்ல
மூளையா உக்காந்திருக்கிறது அவங்கதான்.
இப்ப கண்ணுக்கும் வந்துட்டாங்க."

மசூது அண்ணன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
நோன்புக்குப் பேரீச்சை பொறுக்குகிற மாதிரி.
"விலை குறைச்சல்தான்.
இருப்பானா?"

அந்த ஒரு சொல்லில் எனக்குப்
புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடை.
அப்பா மூட்டை இறக்குவார்.
வியாபாரிகள் இரண்டு பேர்.
துண்டுக்கடியில் விரல் பிடித்து
அவர்கள் முடித்ததுதான் விலை.
ஒரு வருஷம் சங்கரன்கோவில் பக்கமிருந்து
மூன்றாவதாய் ஒரு கை துண்டுக்குள் நுழைந்தது.
கிலோவுக்கு நாலு ரூபாய் கூடிற்று.
அந்தப் பொங்கலுக்கு எனக்கு வாட்ச்.
மறு வருஷம் அந்தக் கை வரவில்லை.
வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே ஏற வேண்டிய விலை,
இங்கே இறங்க வேண்டியது.
துண்டு ஒன்றுதான்.

நீலப் பெட்டி நடுத்தட்டில் ஏழு வாரம் கிடந்தது.
எடுத்தவர் பலவேசம்,
ஆலங்குளத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங்.
"ஆவணி பொறந்தா முகூர்த்தமா வரும் தாயி.
பச்சை வாங்கணும்னா வண்டிய விக்கணும்.
இதுன்னா கடனோட போயிரும்."

மூன்றாம் நாள் ராத்திரி போன்.
"பொண்ணு மூஞ்சி கட்டம் கட்டமா உடையுது!"
வீட்டிலிருந்தே அவர் திரைக்குள் புகுந்தேன்.
இரும்பில் குறை இல்லை.
டிரைவர்தான் இன்னும் தவழ்கிற பிள்ளை.
எங்கேயோ உட்கார்ந்து எழுதுகிறவர்கள்
பாக்கியை மாதா மாதம் அனுப்பினார்கள்,
நான் ஏற்றினேன்.
ஆவணியில் ஐந்து தடவை நின்றது.
புரட்டாசியில் இரண்டு.
ஐப்பசி அடைமழையில்,
கரண்டு போய்ப் போய் வந்த ஒரு ராத்திரி
மூன்று மணி நேரக் கல்யாணம்
நாற்பது நிமிஷத்தில் முடிந்ததாம்.
"மூக்குத்தி வெட்டுது தாயி! மூக்குத்தி!"
வாங்கின பிறகு நல்லாகிற பொருளை
அவர் முதல்முதலாய்ப் பார்க்கிறார்.
நானும்தான்.

கார்த்திகையில் புது விலைப் பட்டியல் வந்தது.
பச்சை மூவாயிரம் கீழே.
சிவப்பு இரண்டாயிரத்து எண்ணூறு.
காரணம் யாரும் எழுதவில்லை.

முதுகுகள் திரும்பி வந்தன,
பேட்டையிலிருந்தும் கே.டி.சி. நகரிலிருந்தும்,
யோசித்து முடித்த முகங்களோடு.
எல்லாரும் பச்சையைக் காட்டினார்கள்.
ஒருத்தி மட்டும், ஜெபமெர்லின்,
நீலத்தின் மேல் விரல் வைத்தாள்.
"இது இருக்குமாக்கா?"
மூணு வருஷ வாரண்டி என்றேன்.
"கார்டுக்கா, கம்பெனிக்கா?"
எனக்கு வாய் வரவில்லை.
அவளும் பச்சைதான் வாங்கினாள்.

பில் போடும்போது நினைத்துக்கொண்டேன்:
இந்த மூவாயிரத்தை இவள் கையில் வைத்தது
ஆலங்குளத்தில் கண் விழித்த பலவேசம்.
சொன்னால் கிறுக்கி என்பாள்.
மிச்சச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

சாயங்காலம் மசூது அண்ணன்
ரெப்புக்குப் போன் போட்டார்.
"அந்த நீலத்துல இன்னும் ரெண்டு அனுப்பும்வே.
விக்காட்டாலும்
நடுவுல இருக்கட்டும்."