குந்து

வியாழக்கிழமை மூன்றாம் பீரியடில்
முள்கரண்டி பிடிக்கக் கற்றுத் தருகிறேன்.
இடது கையில் முள், வலது கையில் கத்தி,
தட்டில் கேண்டீன் ஊத்தப்பம்.
காட்பாடி தாண்டி, மொட்டை மலை அடிவாரத்தில்,
நூற்றெட்டு டிகிரி வெயிலில்
டை கட்டிய அறுபது பிள்ளைகள்
ஊத்தப்பத்தை அறுக்கிறார்கள்,
தவளையை அறுக்கிற மாதிரி.

என் வேலைக்குப் பெயர் மென்திறன் பயிற்றுநர்.
உறிஞ்சக் கூடாது.
ஏப்பம் வந்தால் விழுங்க வேண்டும்.
டீயைச் சாசரில் ஊற்றி ஆற்றக் கூடாது,
ஆறும்வரை ஆங்கிலத்தில் எதையாவது பேசலாம்.
போனில் கத்தக் கூடாது,
எதிர்முனை குடியாத்தமாகவே இருந்தாலும்.
பல்லிடுக்கில் சிக்கியது அங்கேயே இருக்கட்டும்.
அப்புறம் அந்த வார்த்தைகள்:
குந்து, துன்னு, இன்னா, கீது.
கேட்டிலேயே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வாங்க,
சாயங்காலம் திருப்பி வாங்கிக்கலாம் என்பேன்.
சிரிப்பார்கள்.
வருஷா வருஷம் அதே இடத்தில் சிரிப்பார்கள்.

ஒடுகத்தூர்ப் பையன் ஜலகண்டன் மட்டும்
கை தூக்கினான்.
"நல்லி எலும்பு வந்தா இன்னா மேடம் பண்றது?"
'என்ன' என்று திருத்தினேன்.
"என்ன மேடம் பண்றது?"
விட்டுவிட வேண்டும்.
"உள்ள இருக்கறதையா?"
உள்ளே இருப்பதையும்தான்.
குறித்துக்கொண்டான்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.
பி.காம் படிக்கையில், விடுதி மெஸ்ஸில்
எதற்கு யார் முகம் சுளிக்கிறார்கள் என்று
பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது.
அப்பா சின்னப்பையனுக்குத் தோல் ஷாப்பில் டிரம் வேலை.
மாதம் ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வருவார்,
மூன்று தரம் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு.
அவர் போனதும்
அறைத்தோழி ஜன்னலைத் திறப்பாள்.
ஒன்றும் சொல்ல மாட்டாள்.
நல்ல வளர்ப்பு.

ஏப்ரலில் கம்பெனி வந்தது.
தேர்வானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஒரே விருந்து,
ஆம்பூர் பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு.
பெங்களூரிலிருந்து வந்த பெரியவர்
கோட்டைக் கழற்றி நாற்காலிக்கு மாட்டினார்.
சட்டையை முழங்கைவரை சுருட்டினார்.
கையால் பிசைந்தார்.
நல்லியை எடுத்துத் தட்டில் இரண்டு தட்டு தட்டி
உறிஞ்சினார் பாருங்கள்,
பரிமாறுகிறவன் திரும்பிப் பார்த்தான்.
பிறகு ஓர் ஏப்பம், கண்ணை மூடிக்கொண்டு.

"என்ன எளிமை சார் உங்களுக்கு!" என்றார் டீன்.
எளிமை, எளிமை என்று
மேசையைச் சுற்றிப் போனது அந்தச் சொல்,
ஊறுகாய்க் கிண்ணம் போல.
என்னிடம் வந்தபோது நானும் சொன்னேன்.
கொஞ்சம் சத்தமாகவே.

கடைசி மேசையில் ஜலகண்டன்
முதுகு வளையாமல், முழங்கையை விலாவோடு ஒட்டி,
ஒரு பருக்கையை முள்கரண்டியால்
தட்டைச் சுற்றித் துரத்திக்கொண்டிருந்தான்.
அவனுடைய எலும்பு முழுசாக ஓரத்தில் கிடந்தது.
நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.
அப்புறம் என்னை.

படிவத்தில் அவன் பெயருக்கு நேரே
மேசை நாகரிகம், பத்துக்கு ஒன்பது என்று போட்டேன்.
அந்த ஒன்றை எதற்குக் குறைத்தேனோ,
இன்னும் தெரியவில்லை.

ஊருக்குப் போகிற சனிக்கிழமை அது.
ஏழு மணிக்கு வாசல் நிறுத்தத்தில்
அவன் மட்டும் இருந்தான்.
"நீங்க எந்த ஊரு மேடம்?"
வேலூர்தான்.
"வேலூர்ல எங்க?"
இந்தக் கேள்விக்கு என்னிடம் தயாராக இருப்பவை:
காந்தி நகர் பக்கம்.
பாகாயம் தாண்டி.
பேச்சை மாற்ற ஓர் இருமல்.

"பேர்ணாம்பட்டு" என்றேன்.
"தோல் ஷாப்புக்குப் பின்னால தெரு."

ஒன்றும் சொல்லவில்லை.
டையை உருவிச் சுருட்டிப் பைக்குள் திணித்தான்.
பையைப் பெஞ்சிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.
"குந்துங்க மேடம்.
பேர்ணாம்பட்டு வண்டி எட்டுக்குத்தான்."

குந்தினேன்.
சிமெண்டு இன்னும் சுட்டது.