நாற்பத்து ஏழாவது கோட்டை

பச்சை அட்டை நோட்டில்
இதுவரை நாற்பத்தாறு கோட்டைகள்.
பெயர், தேதி, உயரம், வாசல்கள், நீர்த்தொட்டிகள்,
ஏறிய நேரம், இறங்கிய நேரம்.
சங்கம்நேர் தபால் நிலையத்தில்
கடிதம் பிரிக்கிற கை இது.
எதையும் அதனதன் குழியில் போடாமல்
உறங்காது.

நாற்பத்து ஏழுக்கு
ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, முதல் பஸ்.
பிரல்ஹாத் வரவில்லை; மகளுக்குக் காய்ச்சல்.
விசிலடித்து இறக்கிவிட்ட கண்டக்டர்
தலையை வெளியே நீட்டி
"மலை எங்கே?" என்றார் என்னிடம்.
ஒன்பது வருடமாக அந்தத் தடத்தில் வருகிறவர்.

மலை இல்லைதான்.
நாற்று நட்ட சேறு,
அதன் விளிம்பில் ஓர் எருமை,
எருமைக்கு அப்பால் பால்.

ஏறினேன்.
முன்னால் ஒரு படி.
பின்னால், சற்றுமுன் இருந்த படி இல்லை.
கார்விப் புதர்கள் முழங்கையைத் தொட்டுத் தொட்டு
ஆள் சரிபார்த்தன.
சிவப்பு நண்டு ஒன்று
சுங்கம் கேட்கும் சேவகன்போல்
கொடுக்கைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நின்றது.
சுற்றிப் போனேன்.

வாசலை முதலில் கண்டது நெற்றி.
அப்புறம் கைகள்.
தாழ்க்கட்டை செருகிய குழி,
அதற்குள் குளிர்ந்த ஒரு தவளை.
தோளுயரத்தில் செதுக்கிய விலங்கு;
சிங்கமோ புலியோ, முகம் மழுங்கிவிட்டது.
காலடியில் யானைகள்.
விரலால் எண்ணினேன். மூன்று.
மறுபடி எண்ணினேன். நான்கு.
வாலில் சுருண்டிருப்பதும் யானையா,
வெறும் பாசியா?

முந்நூறு வருடத்துக்கு முன்
இதே மாதம் இதே வாசலில்
ஒருவன் காவல் நின்றிருப்பான்.
எதிரி வருகிறானா என்று பார்ப்பது வேலை.
பார்த்தது இதைத்தான்.
அந்த மாதச் சம்பளத்தில்
பிடித்தம் செய்திருப்பார்களோ?

உள்ளே மஞ்சள் தார்ப்பாய்.
கீழே ஸ்டவ்வின் நீல வட்டம்.
அன்று அந்தக் கோட்டையில்
கண்ணுக்குத் தெரிந்த கட்டடம் அது ஒன்றே.
"உட்காருங்கள், எண்ணெய் காயட்டும்"
என்றாள் ரக்மாபாய்.
கடலைமாவு, வெங்காயம், எண்ணெய் டின், ஸ்டவ்:
தலையில் இரண்டு நடை,
விடியுமுன்.

"மூட்டம் விலகுமா?"
"விலகும்."
"எப்போது?"
"தீபாவளிக்கு."

கிழக்குக் கொத்தளம் எப்படி இருக்கும் என்றேன்.
தானியக் கிடங்கு? இரட்டைத் தொட்டி?
பஜ்ஜியைத் திருப்பிப் போட்டாள்.
"பதினோரு வருடமாகக் கடை போடுகிறேன்.
கிழக்கே போனதில்லை.
கல்லாவை யார் பார்ப்பது?
அங்கே போனவர்கள் பசியோடு திரும்புகிறார்கள்.
அவ்வளவுதான் தெரியும்."

வரைபடத்தை விரித்தேன்.
மாவு ஒட்டிய விரல்
மதிலோடு ஒரு சுற்று நடந்தது.
"இதில் என் கடை?"
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
குனிந்து பார்த்தவள்
"கொஞ்சம் இந்தப் பக்கம்.
அங்கே ஒழுகும்" என்றாள்.
அழித்துவிட்டு
இந்தப் பக்கம் வைத்தேன்.

மூன்று மணிவரை இருந்தோம்.
அவள் பிள்ளையின் பள்ளிக் கட்டணம்,
என் இடமாற்ற உத்தரவு,
வெங்காய விலை.
கோட்டையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
அது வெளியே எங்கோ நின்று
நனைந்துகொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸிலும் அதே கண்டக்டர்.
"பார்த்தீர்களா?"
"பஜ்ஜி நன்றாக இருந்தது."
சில்லறையை எண்ணிக்கொண்டே தலையாட்டினார்.

ஆற்றுப்பாலம் தாண்டியதும்
பின் இருக்கைச் சிறுமி ஒருத்தி
"அதோ! அதோ!" என்று கத்தினாள்.
எல்லாத் தலைகளும் திரும்பின.
என் தலை திரும்புவதற்குள்
வளைவு வந்துவிட்டது.

ஈர நோட்டில் பேனா ஓடவில்லை.
பென்சிலால் எழுதினேன்.
உயரம்: தெரியாது.
வாசல்: ஒன்று, தொட்டது.
யானைகள்: மூன்று அல்லது நான்கு.
கடை: ஒன்று. ஒழுகாத பக்கம்.