பழுப்பு, கறுப்பு, சிவப்பு

ரௌமா கப்பல்பட்டறையில்
இரண்டாள் உயரத் தகடுகளைப் பற்றவைத்துவிட்டு வரும் கை
சமையல் மேசையில் இப்போது
கடுகு நுழையாத ஒரு துளைக்கு முன்னால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

'ஒளி தேடும் வண்டு. தொடக்க நிலை.
பன்னிரண்டு வயதுக்கு மேல்' என்கிறது பெட்டி.
ரௌனோவுக்கு நாற்பத்தாறு.
யாருக்கும் பிறந்தநாள் இல்லை, தனக்கே வாங்கிக்கொண்டான்.
விலை என்ன என்றேன்.
காப்பித்தூள் தீரப்போகிறது என்றான்.

டிசம்பர். மூன்றரைக்கே ஜன்னலில்
எங்கள் முகங்கள்தான் தெரிகின்றன.
சானா அறையின் மரக் கரண்டியில் ஈரப் பஞ்சு.
சூட்டுக்கோலின் நுனியை அதில் துடைக்கும்போதெல்லாம்
சுர்ர்.
எறும்புகளுக்கு யாரோ சானா போடுகிறார்கள்.

முதல் பற்று உருண்டையாக நின்றது,
விருந்துக்கு வந்தும் கோட்டைக் கழற்றாதவர்போல.
"அங்கே நெருப்பை ஓட்டணும்" என்றான்,
"இங்கே நெருப்பை எண்ணணும்.
ஒண்ணு, ரெண்டு, எடு."
ஆறாவது பற்று பளபளத்துப் படிந்தபோது
கப்பல் இறங்கியதுபோல் என்னைப் பார்த்தான்.
நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
பார்த்தேன் என்று சொல்லிவைத்தேன்.

இரண்டு மோட்டார், இரண்டு ஒளிக்கண்,
வாலுக்கு ஒரு காகித ஊக்கு.
எட்டு மணிக்கு பேட்டரியைச் செருகினான்.
வண்டு கிளம்பியது.
சர்க்கரை டப்பாவைச் சுற்றியது.
மறுபடி சுற்றியது.
செக்குமாட்டுக்காவது எண்ணெய் கிடைக்கும்.

வலது மோட்டார் முனகியது, ஓடவில்லை.
கம்பிகளை ஆட்டிப் பார்த்தான்,
பேட்டரியைத் திருகிப் பார்த்தான்,
ஏழு பற்றுகளை மீண்டும் சுட்டான்.
பல் கட்டும் கூடத்திலிருந்து கொண்டுவந்த
என் உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.
பதினாறு வெள்ளைகளைப் பிரித்துச் சொல்வதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

"இடப்பக்கம் ஆயிரம் ஓம்.
வலப்பக்கம் பத்தாயிரத்தை வச்சிருக்க."
"ரெண்டும் ஒண்ணுதானே?"
"மூணாவது கோட்டப் பாரு. இது சிவப்பு, அது ஆரஞ்சு."
பார்த்தான்.
அதைப் பார்த்தான், இதைப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்,
அறுவடை முடிந்த வயலில்
எதையோ தேடச் சொன்னதுபோல்.

பதினோரு வருடம்.
ஒவ்வொரு செப்டம்பரும் காட்டுக்குப் போவோம்.
என் வாளி தளும்பத் தளும்ப லிங்கன்பெர்ரி,
அவன் வாளியில் அடி மட்டும் மறையும்.
சோம்பேறி என்றேன்.
அவன் அம்மா வீட்டு மேசையில்,
எல்லோர் முன்னாலும், சிரித்துக்கொண்டே சொன்னேன்.
அவனும் சிரித்தான்.
பச்சை இலைக்குள் சிவந்த பழம்
அவனுக்கு இலைக்குள் இலை.

"எப்பலேர்ந்து தெரியும்?"
"ராணுவத்துல சேரும்போது புள்ளிப் படம் காட்டினாங்க.
எல்லாரும் எழுபத்துநாலுன்னு படிச்சாங்க.
எனக்குப் புள்ளி."
"என்கிட்ட ஏன் சொல்லல?"
சூட்டுக்கோலைக் கரண்டியில் துடைத்தான். சுர்ர்.
"சிவப்பு இல்லாம இல்ல, ஹில்க்கா.
எனக்கு வேற எதுவோட பேர்லயோ இருக்கு."

அவன் சூடு காட்ட, நான் இடுக்கியால் இழுக்க,
பத்தாயிரம் கழன்று வந்தது.
என் கட்டைவிரலில் ஒரு கொப்புளம்.
மீதி ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக
விளக்கடியில் பிடித்துப் படித்தேன்:
பழுப்பு, கறுப்பு, சிவப்பு.
மஞ்சள், ஊதா, பழுப்பு.
அவன் எதையும் திருப்பிச் சொல்லவில்லை.
கையை மட்டும் நீட்டினான்.

"இந்தத் திரைச்சீலை என்ன நிறம்?"
யோசித்தான்.
"நீ கடைக்காரன்கூடச் சண்டை போட்டு வாங்கின நிறம்."

பத்தேகாலுக்கு டார்ச்சைத் தரையில் வைத்தோம்.
வண்டு நேராக அதை நோக்கி ஓடியது,
முட்டியது, திரும்பியது,
குளிர்பெட்டியின் அடியில் எரியும் சின்ன விளக்கைக்
கண்டுகொண்டு உள்ளே போய்விட்டது.
அங்கேயே உறுமிக்கொண்டிருக்கிறது.
துடைப்பம் எடுக்க
இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.