ஏழாம் எண் கிரேன்

நாற்பது மீட்டர் உயரத்தில் பாஸ்குவால் ஒயார்சோ.
கீழே, ஆரஞ்சு நிறச் சட்டையில் நான்.
நடுவில்
வால்பராய்சோவின் காற்றும் ஒரு வாக்கி டாக்கியும்.

ஆறு வருஷமாக
அவர் முகத்தைவிட அவர் மூச்சுதான் எனக்குப் பழக்கம்.
"இடது. இன்னும் இடது. நிறுத்து" என்பேன்.
"சரி" என்று வரும்.
அந்தச் 'சரி'க்கு முன்னால்
பொத்தானை அழுத்திய கையோடு
ஒரு மூச்சு போய்வரும் சத்தம்.
ஜூனுக்குப் பிறகு அது வரவில்லை.

ஜூனில் நடந்தது இவ்வளவுதான்:
வடகாற்று.
ஒரு காலிப் பெட்டி. காலி என்பதால்தான் அப்படி ஆடியது.
ஒரு மூலைப் பூட்டு நழுவியது.
அது விழுந்த இடத்தில் நின்றிருந்தவன்
இரண்டு நிமிஷம் முன்பு காபிக்குப் போயிருந்தான்.
சேதம்: பெட்டி ஒன்று
என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கிறான் என்று
சும்மா சொல்வோமே,
பல் மருத்துவர் அதைப் படம் எடுத்தே காட்டினாராம்.
கடைவாய்ப் பல் இரண்டு
தேய்ந்து, மழுங்கி, துறைமுகத் தரை மாதிரி.

செவ்வாய்க்கிழமை மாலைகளில்
சங்கக் கட்டிடத்தின் பின்னறையில்
எட்டு துறைமுக ஆட்கள் ரப்பர் பாயில் மல்லாந்து கிடக்கிறார்கள்.
நெல்டா என்றொரு இயன்முறை மருத்துவர்
உடம்பின் ஒவ்வோர் இடமாகப் பெயர் சொல்லி அழைக்கிறாள்.
"இடது கால் கட்டைவிரலை கவனிக்கச் சொல்கிறாள், யாஸ்னா!"
கேன்டீனில் சூப்பைத் தள்ளிவைத்துக் கத்தினார்.
"ஐம்பத்துமூன்று வருஷம்
நான் கவனிக்காமலே அது நன்றாகத்தானே இருந்தது?"

இரண்டாம் வாரம் ஒருவன் குறட்டை விட்டான்.
மூன்றாம் வாரம்
வயிற்றுக்கு வந்தபோது பாஸ்குவால் அழுதார்.
இதை அவர் சொல்லவில்லை.
குறட்டை விட்டவன் சொன்னான்.

அதற்கடுத்த வாரம்
தோளை இறக்குங்கள் என்றாளாம்.
இறங்கித்தானே இருக்கிறது என்றாராம் இவர்.
அவள் இரண்டு விரலை மட்டும் வைத்தாள்.
காதுவரை ஏறியிருந்த சுமை
சென்டிமீட்டர் சென்டிமீட்டராக இறங்க ஆரம்பித்தது.
கீழே நின்று இடது வலது சொல்ல
அதற்கு மட்டும் ஆள் இல்லை.

அலைதடுப்புப் பாறையில் கடற்சிங்கங்கள்
இந்த வகுப்புக்கெல்லாம் போகாமலே
தோள் தளர்ந்து கிடக்கின்றன.
எரிச்சலாக இருக்கிறது அவற்றைப் பார்த்தால்.

மேற்பார்வையாளர் சொல்வார்:
கப்பல் காத்திருக்கிறது,
இங்கே மூச்சு விட நேரமில்லை.
நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே.
பத்து விநாடி.
ஒரு பெட்டிக்கு இரண்டு நிமிஷம்.
இருக்கிறது நேரம்.

ஆகஸ்டில் மறுபடி வடகாற்று.
துறைமுகத்தை மூடும் உத்தரவு வந்துகொண்டே இருந்தது, வரவில்லை.
கடைசிப் பெட்டி எங்கள் தலைக்கு மேலே
முடிவெடுக்காத ஆள் போல அங்குமிங்கும் திரும்பியது.
பொத்தான் அழுந்தும் 'டிக்'.
சொல் எதுவும் இல்லை.
தகரக் கூரையை விட்டு மழை விலகிப் போவது போல
நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது.
இன்னொன்று.

அப்போதுதான் கவனித்தேன்
என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்ததை,
கையுறைக்குள் விரல்கள் மடங்கி
நகம் உள்ளங்கையில் பதிந்திருந்ததை.
ஜூனிலிருந்தே அப்படி இருந்திருக்குமோ?
காபிக்குப் போ என்று அவனை அனுப்பியது நான்.
அதையும் யாரும் எழுதவில்லை.

நான்கு. ஆறு.
எண்ணியது அவரா நானா, தெரியாது.
பெட்டி ஆடுவது நிற்கவில்லை,
ஆட்டத்தில் ஒரு தாளம் தெரிந்தது, அவ்வளவே.

வடகாற்று அடிக்கிற இரவுகளில்
அவர் இன்னும் எழுந்து சமையலறையில் நிற்பதாக
அவர் மனைவி இர்மா சொல்கிறாள்.
விளக்கைப் போடுவதில்லையாம்.
வெறுங்காலோடு, குளிர்ந்த தரையில்,
இடது கட்டைவிரலை ஊன்றி.

"இடது" என்றேன்.
"இன்னும் கொஞ்சம் இடது."
மூச்சு.
"சரி."