ஒரு மாமி அளவு இடம்

பழையது ஈ கிளாஸ். வெள்ளி நிறம், இரண்டாயிரத்து ஐந்து.
அக்கரைப்பற்றுக்கும் ஏறாவூருக்கும் இடையில்
நூற்றுச் சொச்சம் பொம்பிளை மாப்பிளையை
ஏற்றி இறக்கியிருக்கிறது.

புதியது சீ எல் ஏ.
எங்கட நாட்டுக் கணக்கில்தான் புதியது,
ஏழு வருசம் ஓடிவிட்டது.
காத்தான்குடி ஜெஸீல் அதைக் கொண்டுவந்து
நாவற்குடாவில் என்ட வளவுக்குள் விட்டபோது
கோழிகளும் விலகி நின்றுதான் பார்த்தன.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம்.
பென்சனுக்கு ஒரு மாதம் இருக்கிற
கச்சேரிக் கிளாக்கர் மாதிரி பழையது.
சின்னதோ
நிற்கும்போதே போய்க்கொண்டிருந்தது.
"படத்துக்கு இதுதான்டா" என்றான் ரூபகாந்தன்,
என்ட பங்குக்காரன்.
கதவைத் திறந்தால் கண்ணாடிக்குச் சட்டம் இல்லை.
வெறும் கண்ணாடி, கை வைக்கக் கூச்சமாய் இருந்தது.

கணக்கும் பார்த்தோம்.
பழையது ரவுனுக்குள் லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர்,
சின்னது பன்னிரண்டு.
பழையது மாரியில் ஒரு இரவு நிறுத்தினால்
விடியப் பின்பக்கம் குந்திவிடும்,
காற்றுப் பை ஒழுக்கு.
சின்னது ஓந்தாச்சிமடத்துப் பள்ளம் ஒவ்வொன்றையும்
முதுகெலும்பில் எழுதிக் காட்டும்.
பெரிய காருக்கு இருந்த கடன் முடிந்துவிட்டது,
சின்னக் காருக்கு அறுபது தவணை.
என்னை விட்டால் பழையதோடு இருந்திருப்பேன்.

மறுகா, ஜெஸீல் ஒரு நாளைக்கு இரவலாகத் தந்தான்.
பெரியகல்லாற்றுப் பொம்பிளை, ரவுனில் மண்டபம்.

ஏறும்போதே கூரை கொண்டையில் இடித்தது.
மல்லிகைச் சரம் பாதி
வாசற்படியிலேயே உதிர்ந்தது.
முன் சீற்றில் தேங்காய் வைத்த செம்பு,
அதற்குப் பெல்ற் போடவில்லை என்று
வழியெல்லாம் கார் கீங் கீங் என்று கத்த,
செட்டிபாளையத்தில் நிறுத்தி
செம்புக்கும் பெல்ற் போட்டுவிட்டேன்.
ரயில் கேட் மூட நின்றேன், எஞ்சினும் நின்றது.
அது அப்படித்தான், பெற்றோல் மிச்சம் பிடிக்கிற புத்தி.
பக்கத்தில் சைக்கிளில் நின்ற பெரியப்பா
"சகுனம் சரியில்ல கா" என்று தலையில் கைவைத்தார்.
கேட் திறக்க அது தானாக முனகி எழும்பியது.
அவருக்கு இன்னும் நம்பிக்கை இல்லை.

திரும்பும்போதுதான் நடந்தது.
தாலி கட்டியாயிற்று, இரண்டு பேரும் ஏறியாயிற்று,
மூன்றாவதாக மாமி ஒரு காலை உள்ளே வைத்தா.
சேலையைத் தூக்கினா, குனிந்தா, மூச்சுப் பிடித்தா,
காலைத் திருப்பி எடுத்தா.
"இது என்ன மகன், சவர்க்காரப் பெட்டியா?"
என்று பின்னால் வந்த வானில் ஏறிப் போனா.

பழைய காரில் நூற்றுச் சொச்சம் முறையும்
நடுவில் ஒரு மாமி இருந்தா.
லேஞ்சியால் விசிறி, சோடா குடிக்கக் கொடுத்து,
அழாதே என்று சொல்லிச் சொல்லி அழவைத்து.
மாப்பிளை கடல்பக்கத் தென்னைகளை எண்ணுவான்,
பொம்பிளை வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு வருவாள்.
அதுதான் சொகுசு என்று நானும் நினைத்திருந்தேன்.

இங்கே முழங்காலும் முழங்காலும் முட்டியபடி
கல்லடிப் பாலம் தாண்டியும் பேச்சில்லை.
தாழங்குடாவில் அவள் கேட்டாள்,
"காலையில என்னவும் சாப்பிட்டீங்களா?"
"இல்ல. நீங்க?"
"ஒரு பிஸ்கட்."
அதில் சிரிக்க என்ன இருக்கிறது, தெரியாது.
குருக்கள்மடம் வரை சிரித்தார்கள்.
நான் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன்,
எனக்குக் கூரை மட்டும் தெரிந்தது.

கல்முனை லீசிங் கந்தோரில் அடுத்த கிழமை
வாகனம் மாற்றும் காரணம் என்ன என்று
ஒரு கட்டம் கிடந்தது.
எரிபொருள் சிக்கனம் என்று எழுதினான் ரூபகாந்தன்.
பழையதை விற்க வேண்டாம் என்று நான் சொன்னேன்,
மாமிமாரும் வாடிக்கையாளர்தானே.

நேற்று ஒரு கோல்.
தகப்பனோ தமையனோ இல்லை, பொம்பிளையேதான்,
தணிந்த குரலில், யாரும் கேட்காத இடத்திலிருந்து.
"அண்ணா, சின்னக் காரில பின்னுக்கு எத்தனை பேர் இருக்கலாம்?"
"ரெண்டு பேர் வடிவா இருக்கலாம். மூணாவது ஆளுக்குக் கஷ்டம்."
கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"கஷ்டமா, ஏலாதா?"