இடது பின்

ரெடுக்டோவில் எங்கள் வீட்டுக்குக் கூரை உயரம்,
தரை முழுக்க ஓடு.
ஒரு முறை கை தட்டினால்
அறை மூன்று முறை திருப்பித் தட்டும்.
அளவெடுக்க வந்த கடைப் பையன்
தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்:
"இங்கே எதை வைத்தாலும்
குளியலறைப் பாட்டுதான்."

அதனால் முதலில் ஸ்பீக்கர் வரவில்லை,
ஆட்டுத்தோல் வந்தது.
மாபெலின் தம்பி ஹெபர்
தக்வாரெம்போவிலிருந்து நான்கு அனுப்பினான்.
சுவரில் இரண்டு, தரையில் இரண்டு.
ஈர நாட்களில்
மந்தைக்குள் உட்கார்ந்து
மாத்தே குடிப்பது போலிருக்கும்.

பிறகு மார்ச்சில் முன்ஜோடி, பத்துத் தவணை.
மே மாதம் நடு.
பேஸ் பெட்டி ஞாயிறு சந்தையில் கிடைத்தது,
ஒரு மூலையில் பூனை பிறாண்டிய தடம்,
பேரம் பேச அதுவே போதுமாக இருந்தது.

அதற்கு இடம் பார்க்கிற முறை விசித்திரம்.
மனிதன் உட்காரும் சோபாவில் பெட்டியை ஏற்றிவை,
அது உறுமட்டும்.
நீ தரையில் தவழ்.
எந்த மூலையில் உறுமல் உருண்டு திரண்டு வருகிறதோ
அங்கே பெட்டி, சோபாவுக்கு நீ.
ஐம்பத்தெட்டு வயதில்,
பேருந்து ஓட்டித் தேய்ந்த முட்டியோடு
நான் தவழ்ந்தேன்.
மாபெல் சோபாவின் கைப்பிடியில் சாய்ந்து
பெட்டிக்கு மாத்தே நீட்டினாள்.

அவள் வேலை செய்வது கண்ணாடிக் கடையில்.
முகம் பார்க்கும் கண்ணாடியை இரவல் கொண்டுவந்து
பக்கச் சுவரோடு நகர்த்தினாள்.
"ஸ்பீக்கர் தெரிந்தால் சொல்லு."
முதலில் ஜன்னல். பிறகு என் மூக்கு.
பிறகு அவள் விரல்கள், நகத்தில் பழைய சாயம்.
"வில்மர், தூங்கிட்டியா?"
தெரிந்தது.
அந்த இடத்தில்தான் ஒலி
சுவரில் பட்டு நம்மிடம் வருமாம்.
அங்கே ஆணியடித்தோம்.
மூன்றாவது ஆட்டுத்தோல் சுவரேறியது.

ஜூலையில் வலது பின்.
இடது பின் வரவில்லை.
பணம் பல் மருத்துவருக்குப் போயிற்று.
காது உயரத்தில் ஒரு தாங்கி மட்டும்
வெறுந்தலையோடு நின்றது,
அதில் மாபெல் தொப்பியை மாட்டினாள்.

எனக்குப் பெரிய குறையில்லை.
இருபத்தெட்டு வருடம்
ஜன்னல் பக்கம் இருந்த காது அது.
மெல்லிய சத்தங்களுக்கு
எப்போதோ கதவைச் சாத்திவிட்டது.

ஆகஸ்ட் கடைசி. சாந்தா ரோசா புயல்
சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்தது.
நாங்கள் ஒரு கொரியப் படம் போட்டோம்.
அதிலும் மழை.
தகரக் கொட்டகைக்குள் ஒருவன்
யாருக்கோ காத்திருக்கிறான்.
முன்னால் சாரல், நடுவில் அவன் மூச்சு,
அடியில் இடி, வலது பின்னால் வாய்க்கால்.
இடது பின்னால்
ஒரே ஒரு சொட்டு.
இடைவெளி விட்டு, இன்னொன்று.
அவ்வளவு சுத்தமாக,
அவ்வளவு அருகில்.

"கேட்டியா?" என்றாள் மாபெல்.
கேட்டது. அந்தக் காதுக்கே கேட்டது.
"எல்லாத்திலும் அதுதான் நல்லா இருக்கு" என்றேன்.
தலையாட்டினாள்.
கொட்டகைக்காரன் எழுந்து கதவைத் திறந்தான்,
வெயில்.
முன்னால் நின்றது, நடுவில் நின்றது.
பின்னால் நிற்கவில்லை.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தோம்.
தொப்பி நனைந்திருந்தது.

மறுநாள் கூரைக்காரர் சில்வேய்ரா
மேலே ஏறி, இறங்கி,
தார் விரிப்புக்கு ஒரு தொகை சொன்னார்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
அந்தத் தொகை எங்களுக்கு மனப்பாடம்,
ஒரு பெசோ கூடுதல் குறைவு இல்லை.
"யோசித்துச் சொல்கிறோம்" என்றாள் மாபெல்.

இரவு மறுபடி மழை.
வாளியைத் தரையில் வைத்தேன்.
அவள் சோபாவில் உட்கார்ந்து,
கண்ணை மூடி, கொஞ்ச நேரம் கேட்டாள்.
எழுந்துபோய்
சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து
வாளியை அதன்மேல் தூக்கி வைத்தாள்.
வாளியின் வாய்
இப்போது காது உயரம்.

"கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பு" என்றேன்.
வட்ட வாளி.
இருந்தும் திருப்பினாள்.